பழைய கதவுகளில் ஒளிந்திருக்கும் ஈயம்: வீடுகளைச் சோதிக்க இந்தியாவில் விதி இல்லை – ஓர் அலசல்

புதுதில்லி: தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வட இந்திய நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளில் உப்புத்தாள் தேய்க்கும் ஓசை காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டைச் சுத்தம் செய்து புதிதாக வண்ணம் பூசும் 'புதாயி' காலம் அது. தமிழகத்தில் பொங்கலை ஒட்டி நடைபெறும் அதே வேலைதான். கதவு, ஜன்னல், கம்பி வேலி ஆகியவற்றின் மீதுள்ள பழைய பூச்சு சுரண்டப்படுகிறது. உதிரும் தூளைத் துடைப்பத்தால் கூட்டி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுப் புதிய எனாமல் டப்பாவைத் திறக்கிறார்கள்.

புதிய டப்பாவில் என்ன இருக்கலாம் என்பதற்கு இந்தியாவில் சட்டம் இருக்கிறது. மூலையில் ஒதுக்கப்பட்ட தூளில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை.

பெரும்பாலும் இந்தப் பருவத்தில், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் சர்வதேச ஈய நச்சுத் தடுப்பு வாரத்தை அனுசரிக்கிறது. குழந்தைகளின் ரத்தத்தில் எந்த அளவு ஈயமும் பாதுகாப்பானது அல்ல என்பது அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. உணவு வழியாகவோ தூசி வழியாகவோ வயிற்றுக்குள் செல்லும் ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கு முதல் ஐந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைவாக உள்ள உடலில் இந்த உறிஞ்சுதல் மேலும் கூடுகிறது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதை இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யுனிசெஃப் அமைப்பும் 'ப்யூர் எர்த்' என்ற தன்னார்வ அமைப்பும் 2020-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடி வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். நீதி ஆயோக் அமைப்பும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வும், 23 மாநிலங்களில் சராசரி அளவு இந்த 5 மைக்ரோகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதாகக் கூறியது.

சென்னையைப் பற்றியும் ஒரு தரவு உண்டு. 3 முதல் 7 வயது வரையிலான 756 பள்ளிக் குழந்தைகளிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2009-இல் வெளியாயின. அவர்களின் சராசரி ரத்த ஈய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. ஈய அளவு கூடக் கூட, பதற்றம், கவனக்குறைவு போன்ற நடத்தைச் சிக்கல்களும் கூடுவதை அந்த ஆய்வு பதிவு செய்தது. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் 2000-ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்பதால், இந்த எண்களுக்கு வாகனப் புகையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

எந்த ஈயம்?

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் நேரலாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம் சார்ந்தவை. கலப்படம் இல்லாத வெள்ளீயம் இந்தச் செய்தியில் வரும் நஞ்சு அன்று. இங்கு பேசப்படுவது காரீயம். பேட்டரியில் இருப்பதும் ஒரு காலத்தில் பெட்ரோலில் கலக்கப்பட்டதும் இதுவே.

வண்ணப்பூச்சில் காரீயம் சேர்க்கப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈயக் குரோமேட் பயன்படுகிறது. எண்ணெய் சார்ந்த எனாமல் விரைவில் உலர்வதற்கும் ஈயச் சேர்மங்கள் உதவுகின்றன. இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாக அடிக்கப்பட்டு வந்த செந்நிற 'ரெட் லெட்' என்பதும் ஈய ஆக்சைடே. எனவே இந்திய வீடுகளில் ஆபத்து எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், நீரில் கரையும் எமல்ஷன் ஆகியவை பூசப்பட்ட சுவர்களைவிட எனாமல் பூசப்பட்ட கதவு, ஜன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி, தொட்டில், கட்டில், பள்ளிச் சுவரின் கீழ்ப்பகுதியில் அடிக்கப்படும் 'ஆயில் பெயின்ட்' ஆகியவையே முதலில் சந்தேகத்துக்கு உரியவை.

குழந்தை பெயின்ட் துண்டைக் கடித்துத் தின்றால்தான் ஆபத்து என்பது பரவலான எண்ணம். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. மழைக்காலத்தில் உப்பிய மரக்கதவு நிலையில் உரசும்போதும், வெயிலில் வெடித்த பூச்சு உதிரும்போதும், உப்புத்தாள் தேய்க்கப்படும்போதும் எழும் நுண்தூசி தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கை அந்தத் தரையைத் தொடுகிறது. பிறகு அதே கை வாய்க்குச் செல்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர், குழந்தைகளின் ஈய நச்சுக்கு வீட்டுத் தாழ்வாரத்தின் வண்ணப்பூச்சே காரணம் என்று 1904-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

2016 விதிகள் எதுவரை?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பர் 1 அன்று, வீட்டு உபயோக மற்றும் அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈய அளவை ஒழுங்குபடுத்தும் விதிகளை அறிவிக்கை செய்தது. ஓராண்டு கழித்து, 2017 நவம்பர் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதன்படி 90 பிபிஎம் அளவுக்கு மேல், அதாவது ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் உள்ள பூச்சுகளைத் தயாரிக்கவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ, ஏற்றுமதி செய்யவோ கூடாது. ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டவில்லை என்ற வாசகமும் டப்பாவில் இடம்பெற வேண்டும். உலகின் கடுமையான வரம்புகளில் இதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கு முன் இந்தியாவில் நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றக்கூடிய தர நிர்ணயம் மட்டுமே இருந்தது.

எனினும் இந்த விதிகளுக்கு இரண்டு எல்லைகள் உள்ளன. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பூச்சுகள் இவற்றின் வரம்புக்குள் வரவில்லை. வண்ணக் கடையிலோ இரண்டு வகை டப்பாக்களும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடும். தில்லியைச் சேர்ந்த 'டாக்ஸிக்ஸ் லிங்க்' என்ற அமைப்பு, விதிகள் வந்த பின்னரும் சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்களின் பூச்சுகளில் வரம்பைப் பல மடங்கு மீறிய ஈயம் காணப்படுவதாகத் தொடர்ந்து கூறி வருகிறது. பெரிய நிறுவனங்கள் பல, சட்டம் வருவதற்கு முன்பே ஈயத்தைக் கைவிட்டுவிட்டன என்பதால், விலை மலிவான டப்பாவை வாங்குவோர் வீட்டில்தான் ஆபத்து மிஞ்சி நிற்கிறது.

இரண்டாவது எல்லை, காலம் சார்ந்தது. 2017 நவம்பருக்கு முன் பூசப்பட்டவற்றைப் பற்றி விதிகள் எதுவும் சொல்லவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டப்பட்ட அரசு ஊழியர் குடியிருப்புகள், ரயில்வே காலனிகள், மும்பையின் சால்கள், பழைய பள்ளிக் கட்டடங்கள் ஆகியவற்றின் கதவுகளில் பத்துப் பதினைந்து அடுக்குப் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது வழக்கம். மேலே பூசப்பட்ட புதிய அடுக்கு ஈயமற்றதாக இருந்தாலும், அடியில் உள்ளவை அப்படியேதான் இருக்கின்றன. வீட்டை விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ இதுபற்றி எதையும் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீடுகளில் ஈயத்தைச் சோதிக்கத் தகுதிச் சான்று பெற்ற ஆய்வாளர் என்ற பிரிவையே இந்தியச் சட்டம் அறியாது.

அமெரிக்கா கடந்து வந்த பாதை

இந்தப் பணியை விரிவாகச் சட்டமாக்கிய நாடு அமெரிக்கா. வீடுகளுக்கான ஈயப் பூச்சுக்கு 1978-இல் அங்கு தடை விதிக்கப்பட்டது. ஆனால் தடையால் பழைய பூச்சு மறைந்துவிடவில்லை. 1992-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1996 முதல், 1978-க்கு முன் கட்டப்பட்ட வீட்டை விற்பவர் அல்லது வாடகைக்கு விடுபவர், தமக்குத் தெரிந்த ஈய விவரங்களை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் விரும்பினால் சோதனை செய்துகொள்ள 10 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அந்நாட்டில் ஏறத்தாழ 3.5 கோடி வீடுகளில் ஈயப் பூச்சு இருப்பதாக அந்நாட்டு வீட்டுவசதித் துறையின் ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

அங்கே 'ஆய்வு' என்பதும் 'ஆபத்து மதிப்பீடு' என்பதும் வெவ்வேறு வேலைகள். ஆய்வு என்றால், வீட்டின் ஒவ்வோர் அறையிலும் கதவு, நிலை, ஜன்னல், சுவர் எனப் பூசப்பட்ட ஒவ்வொரு பரப்பிலும் ஈயம் உண்டா இல்லையா என்று பார்ப்பது. பூச்சு நல்ல நிலையில் இருந்தால் உடனடி ஆபத்து இல்லை என்பதால், இந்தப் பட்டியல் மட்டும் போதாது. ஆபத்து மதிப்பீட்டாளர் எங்கே பூச்சு உரிகிறது, எங்கே உரசுகிறது, தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் உள்ள தூசியில் எவ்வளவு ஈயம், குழந்தை விளையாடும் மண்ணில் எவ்வளவு என்பதைப் பார்க்கிறார். அளந்து குறித்த பரப்பை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஆய்வகத்துக்கு அனுப்புவதே தூசிச் சோதனை. எளிமையான முறைதான், குழந்தையின் உடலுக்குள் செல்லக்கூடியதை நேரடியாக அளப்பதால் இதன் முடிவுக்கு மதிப்பு அதிகம்.

பூச்சைச் சோதிக்கக் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி பயன்படுகிறது. துப்பாக்கி வடிவில் இருக்கும் அக்கருவி எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சும்போது, பூச்சில் உள்ள ஈய அணுக்கள் தமக்கே உரிய கதிர்களைத் திருப்பி உமிழும். சில விநாடிகளில், பூச்சைச் சுரண்டாமலேயே, அடியில் உள்ள அடுக்குகளையும் சேர்த்து அளவு தெரிந்துவிடும். இந்தியருக்கு இந்த நுட்பம் அந்நியமானது அன்று. நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் மேசைக் கருவி செயல்படுவதும் இதே அடிப்படையில்தான். 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டதால் இக்கருவி சிறு நகரங்களையும் சென்றடைந்துள்ளது. மோதிரத்தில் எத்தனை சதவீதம் தங்கம் என்பதை அரை நிமிடத்தில் அறிந்துகொள்ளும் ஊரில், தொட்டிலில் எத்தனை சதவீதம் ஈயம் என்று கேட்பதற்கு ஆளில்லை.

எண்களைப் படிப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய பூச்சை 'ஈயப் பூச்சு' என்று அமெரிக்கச் சட்டம் வகைப்படுத்துவது, சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது எடையில் 0.5 சதவீதம் ஈயம் இருந்தால்தான். 0.5 சதவீதம் என்பது 5,000 பிபிஎம். புதிய பூச்சுக்கான 90 பிபிஎம் வரம்புடன் ஒப்பிட்டால் இது ஐம்பத்தைந்து மடங்குக்கும் அதிகம். ஆகவே சோதனையில் 'ஈயப் பூச்சு இல்லை' என்று முடிவு வந்த கதவிலும், தேய்க்கும்போது தீங்கு தரும் அளவு ஈயம் இருக்கக்கூடும். நிறம் மாறும் வேதிக் குச்சிகளைக் கொண்டு செய்யப்படும் உடனடிச் சோதனைக்கும் இதே குறை உண்டு. சிவப்பாக மாறினால் எச்சரிக்கை. மாறாவிட்டால் அது நற்சான்று ஆகாது. பூச்சுத் துண்டை அமிலத்தில் கரைத்து ஆய்வகத்தில் அளப்பதே நம்பத்தக்கது. தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று பெற்ற இந்திய ஆய்வகங்களில் இந்த வசதி உள்ளது.

தூசிக்கான அளவுகோலை அமெரிக்கா தொடர்ந்து இறுக்கி வந்துள்ளது. தரைக்குச் சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம் என 2001-இல் இருந்த வரம்பு, 2019 விதியால் 10 ஆனது. 2024 அக்டோபரில், ஆய்வகம் கண்டறியக்கூடிய எந்த அளவும் ஆபத்தே என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. நியூயார்க் நகரில், 1960-க்கு முன் கட்டப்பட்ட அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புகள் அனைத்தையும் எக்ஸ்ஆர்எஃப் கருவியால் சோதித்து முடிக்க 2025 ஆகஸ்ட் 9 வரை உரிமையாளர்களுக்குக் கெடு விதிக்கப்பட்டிருந்தது.

காகிதத்தில் மட்டும் நடந்த ஆய்வுகள்

அதே நியூயார்க்கில், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் வீட்டுவசதி ஆணையம், நடத்தப்படாத ஈய ஆய்வுகளை நடத்தியதாகச் சான்றளித்திருந்தது 2017-இல் அம்பலமானது. விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்று, 2019 ஜனவரியில் ஆணையத்தின் மீது மத்திய அரசின் கண்காணிப்பாளரை நியமிக்கும் உடன்பாட்டில் முடிந்தது. சட்டம், கருவி, நிதி மூன்றும் இருந்த நகரில் நடந்தது இது. கட்டடங்களின் தீயணைப்புச் சான்று, மின்தூக்கிச் சான்று ஆகியவை எவ்வாறு பெறப்படுகின்றன என்பதை அறிந்த இந்திய வாசகர், இத்தகைய ஆய்வு இங்கு வந்தால் என்ன ஆகும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

மில்வாக்கி நகரம் காட்டும் பாடம் வேறு. அங்கு ஒரு குழந்தையின் ரத்தத்தில் கூடியிருந்த ஈயத்தின் மூலம், அது படித்த பள்ளியின் உரிந்த பூச்சு எனத் தெரியவந்ததைத் தொடர்ந்து 2025-இல் பல பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. நகரின் சுகாதாரத் துறை, நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் உதவியைக் கோரியது. ஆனால் அம்மையத்தின் குழந்தைப்பருவ ஈய நச்சுத் தடுப்புப் பிரிவினர் ஆட்குறைப்பில் நீக்கப்பட்டிருந்ததால், ஏப்ரலில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மையத்தில் நீக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் ஜூன் மாதத்தில் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இந்தியாவுக்கு இது முதல் கவலையா?

நியாயமான கேள்வி ஒன்று எழுகிறது. இந்தியக் குழந்தைகளின் ரத்தத்தில் உள்ள ஈயத்துக்கு வீட்டுப் பூச்சுதான் முதன்மைக் காரணம் என்று நிறுவப்படவில்லை. முறைசாராப் பேட்டரி மறுசுழற்சிக் கூடங்கள், ஈயம் கலந்த பாத்திரங்கள், கண்ணுக்கு இடும் சுர்மா ஆகியவையும் பட்டியலில் உள்ளன. பாட்னா சந்தையில் மஞ்சளில் ஈயக் குரோமேட் கலக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வண்ணப்பூச்சில் மஞ்சள் நிறம் தரும் அதே பொருள்தான் அது. இவ்வளவு மூலங்கள் இருக்கையில், கோடிக்கணக்கான வீடுகளின் கதவுகளைச் சோதிப்பது பொருத்தமற்ற செலவு என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்த வாதம் வீட்டு ஆய்வின் ஒரு பாதியை மட்டுமே கருத்தில் கொள்கிறது. அமெரிக்காவில் ஒரு குழந்தையின் ரத்த ஈய அளவு கூடுதலாகத் தெரியவந்தால், சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து பூச்சை மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர், மண், மசாலா, பாத்திரம், பொம்மை, தந்தை செய்யும் தொழில் என எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். எந்த மூலம் என்று தெரியாத இடத்தில்தான் இத்தகைய விசாரணை அதிகம் தேவைப்படுகிறது. அதற்கு முதலில் குழந்தையின் ரத்தம் சோதிக்கப்பட வேண்டும். இந்தியாவில் அதற்கு வழக்கமான திட்டம் இல்லை. பெங்களூருவின் ஜார்ஜ் அறக்கட்டளை தொண்ணூறுகளின் இறுதியில் பெருநகரங்களில் நடத்திய சோதனையில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது தெரியவந்தது. கால் நூற்றாண்டு கழித்தும், கேள்வி ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

காத்திருப்பதற்கு விலையும் உண்டு. ஈயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் மருந்துச் சிகிச்சை, பொதுவாக டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் அளவை எட்டிய குழந்தைகளுக்கே அளிக்கப்படுகிறது. அதுவும் ஏற்கனவே மூளை வளர்ச்சிக்கு நேர்ந்த பாதிப்பை மீட்டுத் தருவதில்லை. 11 அல்லது 12 மைக்ரோகிராம் உள்ள குழந்தைக்கு மருத்துவர் செய்யக்கூடியது, மூலத்தைக் கண்டுபிடித்து அகற்றச் சொல்வதும் சத்தான உணவைப் பரிந்துரைப்பதுமே. மூலத்தைக் கண்டுபிடிப்பவர் யார் என்பதற்கு இன்று விடையில்லை.

பூச்சு வேலையின்போது கடைப்பிடிக்க வேண்டியவை செலவு மிக்கவை அல்ல. பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்காமல் நீர் தெளித்துத் தேய்ப்பது, தரையில் பிளாஸ்டிக் விரிப்பது, வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விலக்கி வைப்பது, துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது ஆகியவை எந்த வீட்டிலும் இயலும். நெருப்பு விளக்கால் பூச்சைப் பொசுக்கி எடுப்பது அமெரிக்காவில் 2010 முதல் நடைமுறையில் உள்ள புதுப்பித்தல் விதியில் தடை செய்யப்பட்டுள்ளது. இந்தியாவில் அது இன்றும் பெயின்டர்களின் கைமுறை. அந்தத் தூசியையும் புகையையும் முதலில் சுவாசிப்பவர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தினக்கூலித் தொழிலாளிதான். வேலை முடிந்து அதே உடையுடன் அவர் வீடு திரும்பும்போது தூசியும் உடன் செல்கிறது.

வீடு வீடாக ஆய்வு நடத்துவது உடனடியாக நடக்கக்கூடியது அன்று. குழந்தைகள் கூடும் அரசுக் கட்டடங்களில் தொடங்க முடியும். நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 'சக்ஷம் அங்கன்வாடி' திட்டத்தின் கீழ் அவற்றில் 2 லட்சம் மையங்களை மேம்படுத்த மத்திய அரசு முடிவு செய்து பணிகளை மேற்கொண்டு வருகிறது. எல்இடி திரை, குடிநீர் வடிகட்டி, காய்கறித் தோட்டம் ஆகியவற்றுடன், குழந்தைகள் பார்த்துக் கற்கும் வகையில் சுவர்களில் பல வண்ண ஓவியம் தீட்டுவதும் அந்தப் பட்டியலில் உள்ளது. பூசப்படும் டப்பாவில் 90 பிபிஎம் வாசகம் உள்ளதா, அதற்கு முன் சுரண்டப்படும் பழைய பூச்சில் எவ்வளவு ஈயம் உள்ளது என்ற இரண்டு விவரங்களையும் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் சேர்ப்பதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலோ புதிய விதியோ தேவைப்படாது. துறைச் செயலரின் ஒரு சுற்றறிக்கை போதும்.